பழைய கைத்தொலைபேசி வாங்குமுன்: இரு கருவிகளின் ஒப்பீடு

தோட்ட அலுவலகத்தில், கிராணியாரின் மேசை மீது ஒரே ஒரு தொலைபேசி இருந்த காலம் ஒன்று உண்டு. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கு மருத்துவமனை வண்டியை வரவழைப்பதானாலும், வெளியூரில் நேர்ந்த மரணச் செய்தியை அறிவதானாலும், தோட்டம் முழுவதும் அந்த ஒரு கருவியையே நம்பியிருந்தது. 1985 ஆம் ஆண்டில் ‘அத்தூர் 450’ என்ற பெயரில் நம் நாட்டின் முதல் நடமாடும் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. எனினும் அக்கருவி வசதி படைத்தோரால் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்தது. இன்றோ குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி என ஜொகூர் மாநிலத்தின் எந்த வட்டாரத்துத் தோட்டத்திலும் கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது.

பேசுவதற்கு மட்டுமே அது பயன்பட்ட நிலையும் மாறிவிட்டது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்தபோது, நம் பிள்ளைகள் பாடம் கற்றது இக்கருவியின் வாயிலாகத்தான். ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்திய வீடுகள் பல. ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது கணக்கின் இருப்பைப் பார்க்கவும், முதலாளி மாதந்தோறும் சந்தா செலுத்துகிறாரா என்பதை அறியவும் கைத்தொலைபேசிச் செயலியே எளிய வழியாகும். 2024 மார்ச்சு 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில், காரில் சிங்கப்பூர் செல்வோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் உள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டிச் செல்லவும் வழி பிறந்துள்ளது.

ஆகவே, கைத்தொலைபேசி என்பது ஆடம்பரப் பொருள் என்னும் நிலையிலிருந்து, அரிசி பருப்பைப் போன்ற அத்தியாவசியப் பொருள் என்னும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் விலைதான் நம்மைத் தயங்க வைக்கிறது. எனவேதான் நம்மில் பலர், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கருவியை, பிறர் பயன்படுத்திய நிலையில், குறைந்த விலைக்கு வாங்க முற்படுகின்றனர். இதில் தவறில்லை. ஆயினும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அறியாமல் வாங்குவோமாயின், மிச்சப்படுத்த எண்ணிய பணமே வீண் செலவாகிவிடும். இதனை விளக்கும் பொருட்டு, பழைய கருவிகளுக்கிடையே பலரும் அறிந்த இரண்டினை இங்கு ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று, சீனாவின் சியோமி நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் அறிமுகப்படுத்திய ரெட்மி 9. மற்றொன்று, தென்கொரியாவின் சாம்சுங் நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்த கேலக்ஸி ஏ12.

விலையை எவ்வாறு கணக்கிடுவது?

2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாகும். மாதத்திற்கு 26 நாள் வேலை என்று கொண்டால், ஒரு நாள் உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 65 வெள்ளி. பழைய கைத்தொலைபேசி ஒன்றின் விலை 300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதனை வாங்குபவர் ஏறக்குறைய நாலரை நாள் உழைப்பைக் கொடுத்து வாங்குகிறார் என்பதே பொருள்.

ஆனால் வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது போதாது. அது எத்தனை மாதம் உழைக்கும் என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். 300 வெள்ளிக் கருவி இரண்டாண்டு உழைத்தால், மாதத்திற்கு 12 வெள்ளி 50 காசு செலவாகிறது. 200 வெள்ளிக்கு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய கருவி ஆறே மாதத்தில் பழுதானால், மாதத்திற்கு 33 வெள்ளிக்கு மேல் ஆகிறது. மறுபுறம், 500 வெள்ளி கொடுத்து வாங்கிய புதிய கருவி நான்காண்டு உழைக்குமாயின், மாதத்திற்கு 10 வெள்ளி 50 காசு கூட ஆவதில்லை. ஆகவே, கடையில் கேட்கும் விலையை எதிர்பார்க்கும் மாதங்களால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. இந்தச் சிறு கணக்கினை ஐந்தாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளைகளே போட்டுக் காட்டிவிடுவார்கள்.

இரண்டுக்கும் பொதுவானவை

முதலில் இவ்விரு கருவிகளும் ஒத்துப்போகும் இடங்களைக் காண்போம். இரண்டும் 4ஜி அலைவரிசையில் இயங்குபவை. இது மிக முக்கியம். ஏனெனில் நம் நாட்டில் 3ஜி சேவை 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. 3ஜி வரை மட்டுமே இயங்கும் பழைய கருவியை யாரேனும் இலவசமாகக் கொடுத்தாலும், இன்று அது பேச்சுக்கு மட்டும் உதவுமேயன்றி இணையத்திற்கு உதவாது. இவ்விரண்டும் 5ஜி கருவிகள் அல்ல. எனினும் வாட்ஸ்அப், பாடங்கள், வங்கிச் செயலி போன்ற அன்றாடத் தேவைகளுக்கு 4ஜி போதுமானதே.

இரண்டிலும் இரு சிம் அட்டைகளைப் பொருத்தலாம். மலேசிய எண் ஒன்று, சிங்கப்பூர் எண் ஒன்று என வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வேலைக்குச் சென்று வருவோருக்கு இது பேருதவி. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் போன்ற கரையோரப் பகுதிகளில், நம் கருவி தானாகவே சிங்கப்பூர் அலைவரிசையைப் பிடித்துக்கொள்வதுண்டு. ‘ரோமிங்’ எனப்படும் வெளிநாட்டு இணைய வசதியை அமைப்புப் பகுதியில் அடைத்து வைத்தால், எதிர்பாராத கட்டணத்திலிருந்து தப்பலாம்.

பேட்டரியின் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றே. ரெட்மி 9-இல் 5,020 மில்லி ஆம்பியர்-மணி. ஏ12-இல் 5,000 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டிலும் மின்னேற்றும் துளை, எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் ‘டைப்-சி’ வகையைச் சார்ந்தது. இரண்டிலும் காதொலிக் கம்பிக்கான துளை உண்டு; நினைவக அட்டைக்குத் தனி இடம் உண்டு; விரல் ரேகையால் திறக்கும் வசதியும் உண்டு. அவ்வசதி ரெட்மி 9-இல் முதுகுப்புறத்திலும், ஏ12-இல் பக்கவாட்டிலும் அமைந்துள்ளது. எடையும் முறையே 198 கிராம், 205 கிராம் என அருகருகே நிற்கின்றன.

வேறுபடும் இடங்கள்

முதல் வேறுபாடு திரையில் உள்ளது. இரண்டும் ஆறரை அங்குல அளவுடையவையே. ஆயினும் ரெட்மி 9-இன் திரையில் குறுக்கே 1,080, நெடுக்கே 2,340 ஒளிப்புள்ளிகள் உள்ளன. ஏ12-இல் குறுக்கே 720, நெடுக்கே 1,600 மட்டுமே. ஒரே பரப்பில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் எழுத்து கூர்மையாகத் தெரியும். தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் மிகுதி. ஆசிரியர் அனுப்பும் பாடத் தாளைப் படமாகப் பெற்றுப் படிக்கும் மாணவனுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்கு புலப்படும். காணொளி பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் பயன்படுத்துவோருக்கு இது பெரிய குறையாகாது.

இரண்டாவது, கருவியின் மூளை எனத்தகும் செயலகம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஏ12-இல் உள்ள ‘ஹீலியோ பி35’ செயலகத்தின் உச்ச வேகம் 2.35 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருக்கும். ரெட்மி 9-இல் உள்ள ‘ஹீலியோ ஜி80’ செயலகத்திற்கோ 2.0 கிகாஹெர்ட்ஸ்தான். எண்ணைப் பார்த்தால் ஏ12 விரைவானது என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. பால்வெட்டுத் தொழிலை அறிந்த நமக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. மழுங்கிய கத்தியுடன் எவ்வளவு விரைவாகக் கையை வீசினாலும், தீட்டிய கத்தியுடன் நிதானமாக வெட்டுபவரைப் போல மரங்களை முடிக்க இயலாது. ஜி80-இன் எட்டுப் பகுதிகளில் இரண்டு, ஒவ்வொரு வீச்சிலும் அதிக வேலையை முடிக்கும் புதுமுறை அமைப்பு கொண்டவை. பி35-இன் எட்டுப் பகுதிகளும் பழைய அமைப்பைச் சார்ந்தவை. ஆகவே செயலிகளைத் திறக்கும்போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும், ரெட்மி 9 முந்திக்கொள்கிறது. ஏ12 சற்றுத் தயங்கி நிற்கிறது.

மூன்றாவது, படக்கருவி. ஏ12-இன் முதன்மைப் படக்கருவி 48 மெகாபிக்சல். ரெட்மி 9-இன் படக்கருவி 13 மெகாபிக்சல். கடைக்காரர் முதலில் சொல்லும் எண் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் 48 மெகாபிக்சல் கருவி, வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே நமக்குத் தருகிறது. அவ்வாறு சேர்ப்பதனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் சற்றுத் தெளிவாக அமைகிறது. ஏ12-இன் வில்லை கூடுதல் ஒளியை உள்ளே விடுவதும் ஒரு நன்மையே. திருவிழா, திருமணம் ஆகியவற்றைப் படமெடுக்க விரும்புவோருக்கு ஏ12 ஓரளவு ஏற்றது. எனினும் 48-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாடு படத்தில் நான்கு மடங்காகத் தெரியும் என்று நம்பிவிடலாகாது. முகம் பார்த்துப் பேசும் முன்புறப் படக்கருவி இரண்டிலும் 8 மெகாபிக்சலே.

நான்காவது, சிறிய வசதிகள். ரெட்மி 9-இல் அகச்சிவப்புக் கதிர் வசதி இருப்பதால், தொலைக்காட்சிப் பெட்டியின் விசைக்கருவி பழுதானால் கைத்தொலைபேசியையே அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். அதில் பண்பலை வானொலியும் உண்டு. இணையத் தரவைச் செலவிடாமல் மின்னல் பண்பலையின் செய்தியைக் கேட்க விரும்பும் பெரியோருக்கு இது உகந்தது. ஏ12-க்கும் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஓம்டியா என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஆம் ஆண்டில் உலகிலேயே மிகுதியாக விற்பனைக்கு அனுப்பப்பட்ட கைத்தொலைபேசி அதுவே. அவ்வாண்டில் மட்டும் 5 கோடியே 18 லட்சம். இவ்வளவு பரவலாக விற்ற கருவிக்குத் திரை, பேட்டரி, உறை போன்ற மாற்றுப் பொருள்கள் பழுதுபார்க்கும் கடைகளில் எளிதில் கிடைக்கும்.

பெயரைவிட முக்கியமானது

இவ்விரு கருவிகளும் ஒரே பெயரில் பல கொள்ளளவுகளில் விற்கப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. 3 ஜிபி இயக்க நினைவகமும் 32 ஜிபி சேமிப்பிடமும் கொண்டவை இரண்டிலும் உண்டு. 4 ஜிபி, 64 ஜிபி கொண்டவையும் உண்டு. 32 ஜிபி கருவியில், அதன் சொந்த மென்பொருளே கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடமும், உறவினர் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கப் படங்களாலும் காணொளிகளாலும் விரைவில் நிறைந்துவிடும். இடம் நிறைந்த கருவி தடுமாறும். புதிய செயலியை ஏற்காது. நினைவக அட்டை போட்டால் படங்களை அங்கே மாற்றலாம். ஆனால் வங்கிச் செயலி போன்றவற்றை மாற்ற இயலாது.

ஆகவே நாம் கூறும் அறிவுரை இதுதான்: 32 ஜிபி ரெட்மி 9-க்கும் 64 ஜிபி ஏ12-க்கும் இடையே தெரிவு செய்ய நேர்ந்தால், விரைவு குறைந்ததானாலும் ஏ12-ஐயே தேர்ந்தெடுங்கள். கொள்ளளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே, திரையும் செயலகமும் சிறந்த ரெட்மி 9 முந்தும். பெயரைக் கேட்டு வாங்காமல், அமைப்புப் பகுதியில் ‘சேமிப்பிடம்’ என்ற இடத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து வாங்குதல் வேண்டும்.

பாதுகாப்பு: மறைந்திருக்கும் குறை

இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. கைத்தொலைபேசியின் மென்பொருளில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்பிவைப்பார்கள். இப்பணி என்றென்றும் தொடர்வதில்லை. சாம்சுங் நிறுவனம் 2019 முதல் வெளிவந்த தன் கேலக்ஸி கருவிகளுக்குக் குறைந்தது நான்காண்டுத் திருத்தம் வழங்குவதாக 2021-இல் அறிவித்தது. ஏ12-க்கு அந்த நான்காண்டும் முடிந்துவிட்டன. ரெட்மி 9-க்கும் திருத்தங்கள் நின்றுவிட்டன. இரண்டும் ஆண்டிராய்டு 10-ஆம் பதிப்புடன் வந்து, 12-ஆம் பதிப்பு வரை உயர்த்தப்பட்டவை. அதற்கு மேல் உயராது.

இதனால் நாளையே அவை நின்றுவிடும் என்பதில்லை. செயலிகளின் புதிய பதிப்புகள் பிளே ஸ்டோரிலிருந்து தொடர்ந்து வரும். 2025-இல் வாட்ஸ்அப் நிறுவனம் ஆண்டிராய்டு 4.4-ஆம் பதிப்பைத்தான் கைவிட்டது. 12-ஆம் பதிப்புக்கு அந்த நிலை வர இன்னும் காலம் இருக்கிறது. ஆயினும் காவலாளி இல்லாத வீட்டில் வசிப்பவர் கதவைத் தாமே கவனமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? திருமண அழைப்பிதழ், காவல்துறை அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே வரும் ‘ஏபிகே’ கோப்புகளை ஒருபோதும் திறக்கலாகாது. அவற்றைத் திறந்த மறுகணமே, வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் திருடனின் கைக்குப் போய்விடக்கூடும். சம்பளக் கணக்கில் ஒரு நாளைக்கு மாற்றக்கூடிய தொகையைக் குறைத்து வைத்திருப்பதும் நன்று. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், சிறிதும் தாமதியாமல் வங்கிக்குத் தெரிவிப்பதோடு, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். திருடப்பட்ட பணம் அடுத்த கணக்கிற்கு மாறுமுன் தடுக்க இதுவே வழி.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசாவானாலும், அருகிலுள்ள சிறு பட்டணத்துக் கடையானாலும், பணத்தைக் கொடுக்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால், அதுவே வேறு கடைக்குச் செல்ல வேண்டும் என்பதற்கான அறிகுறி.

ஒன்று: *#06# என்று அழுத்துங்கள். திரையில் தோன்றும் 15 இலக்க எண்ணே கருவியின் அடையாள எண். அது பெட்டியிலும் இரசீதிலும் உள்ள எண்ணுடன் பொருந்த வேண்டும்.

இரண்டு: முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு முற்றாக நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கருவியை உங்கள் முன்னிலையிலேயே அழித்துப் புதிதாக்கச் சொல்லுங்கள். மீண்டும் தொடங்கும்போது பழைய கணக்கின் மறைச்சொல்லைக் கேட்டால் அதனை வாங்காதீர்கள். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கக்கூடும்.

மூன்று: உங்கள் சொந்த சிம் அட்டையைப் போட்டு ஓர் அழைப்பு விடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேற்புறத்தில் 4ஜி அடையாளம் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். 4ஜி வழியே பேசும் வசதி அடைக்கப்பட்டிருந்தால், அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும் வரை இணையம் நின்றுபோகும். அமைப்புப் பகுதியில் அவ்வசதியைத் திறந்து வைத்தல் வேண்டும்.

நான்கு: பேட்டரியைச் சோதியுங்கள். இவ்வகைப் பேட்டரிகள் ஏறத்தாழ 500 முறை முழுமையாக மின்னேற்றிய பின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. ஐந்தாண்டு உழைத்த கருவியில் இழப்பு அதனினும் கூடும். பத்து நிமிடம் காணொளி ஓடவிட்டு, விழுக்காடு எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். முதுகுப்புற மூடி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். உப்பிய பேட்டரி தீப்பற்றக்கூடியது. பேட்டரியை மாற்ற ஆகும் செலவைக் கேட்டறிந்து, அதனையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து: இரசீது இல்லாமல் வாங்காதீர்கள். அதில் கருவியின் பெயர், அடையாள எண், உத்தரவாத நாள்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். வணிகர் ஏமாற்றினால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்துடன் புகார் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் சான்று இல்லாதவருக்கு எந்த மன்றமும் எளிதில் உதவ இயலாது.

முடிவு என்ன?

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்து, பாடத் தாள்களைப் படிப்பதும் பல செயலிகளைப் பயன்படுத்துவதும் முக்கியத் தேவை என்றால், 4 ஜிபி, 64 ஜிபி கொள்ளளவுள்ள ரெட்மி 9 கூடுதல் பயன் தரும். முதியோருக்கும், பேசுவது, படமெடுப்பது, முகம் பார்த்து உரையாடுவது ஆகியவற்றோடு நிறைவடைவோருக்கும் ஏ12 போதுமானது. மாற்றுப் பொருள்கள் எளிதில் கிடைப்பது அதன் பக்கபலம். மழையிலும் வியர்வையிலும் வேலை செய்வோர், இவ்விரண்டுக்கும் நீர் புகாமைச் சான்று இல்லை என்பதை நினைவிற்கொண்டு, நெகிழிப் பையில் இட்டு எடுத்துச் செல்வது நலம்.

ஆனால் வங்கிப் பரிவர்த்தனை முழுவதையும் ஒரே கருவியில் செய்ய எண்ணுவோருக்கு நாம் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டோம். பழைய கருவியின் விலை, கடையிலுள்ள மிக மலிவான புதிய கருவியின் விலையில் பாதிக்கு மேல் இருக்குமானால், சில மாதம் பொறுத்திருந்து, திருத்தம் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று கேட்டறிந்து, புதியதையே வாங்குவதுதான் சிக்கனம்.

கடைக்காரர் கூறும் பெரிய எண்களும், அண்டை வீட்டார் புகழும் பெயர்களும் நம் தேவையை அறியமாட்டா. நம் வீட்டில் யார், எதற்காக, எவ்வளவு காலம் இதனைப் பயன்படுத்தப் போகிறார் என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டு, குடும்பத்தாருடன் கலந்து பேசி, அதன் பின்னர் கடைக்குச் செல்வோமாக. நாலரை நாள் உழைப்பு அவ்வளவு ஆலோசனைக்குத் தகுதியுடையதே.